யாரும் வாங்காத கோபம்

ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்களை நாடகம் பார்க்கக் கூட்டிப்போவார்கள். ஊரில் சொன்னால் நம்பமாட்டார்கள். கம்பி கட்டுகிறவனுக்கு சிங்கப்பூரில் ஏசி அரங்கத்தில் நாடகமா என்பார்கள். நாடகம்தான். வெள்ளைச் சட்டை கொடுப்பார்கள், பஸ் அனுப்புவார்கள், மெத்தை வைத்த நாற்காலியில் உட்காரவைப்பார்கள். உட்காரும் முன் கழுத்தில் ஒரு பட்டையை மாட்டிப் பூட்டுவார்கள். நாய்க்கு மாட்டுவார்களே, அதே இடத்தில்.

முதல் ஊரடங்கு எல்லாருக்கும் தெரியும். நான் சொல்வது அதற்குப் பல வருஷம் கழித்து வந்த இரண்டாவது ஊரடங்கு. அதைவிட நீளம். அது முடிந்தபோது நகரத்து ஜனங்களுக்கு வீட்டை விட்டு வர மனசு வரவில்லை. பக்கத்து ஆள் விட்ட மூச்சைத் தான் வாங்குவதை நினைத்தாலே அவர்களுக்கு உடம்பு கூசியது. ஆனால் நாடகம் வேண்டும். திரையில் வேண்டாம், நேரில் பார்க்கிறபோது வருகிற சிலிர்ப்பு வேண்டும். அந்தச் சிலிர்ப்பும் சோபாவுக்கே வரவேண்டும். அதற்கு ஒரு உடம்பு தேவைப்பட்டது. எங்களிடம் உடம்புதான் இருந்தது.

நகரத்துக்கு ஊரடங்கு முடிந்தது. எங்களுக்கு முடியவில்லை. லாரியில் வேலைக்குப் போகலாம், லாரியில் விடுதிக்குத் திரும்பலாம். மற்றபடி கேட்டைத் தாண்ட பாஸ் வேண்டும். கேட்டால் கிடைக்காது. நாடகத்துக்கு உட்காரச் சம்மதித்தவனுக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமை பாஸ் கிடைக்கும். நாடகம் முடிந்தபின் இருட்டும்வரை நம்ம கடைகள் இருக்கிற தேக்காவில் நடக்கலாம், டீ குடிக்கலாம், நம்ம ஆட்கள் முகத்தைப் பார்க்கலாம். அதற்காகத்தான் எல்லாரும் பெயர் கொடுத்தோம். நாடகத்துக்காக இல்லை.

முதல் ஞாயிறு பஸ்ஸில் பட்டையைக் கொண்டுவந்தவர் பரிமளா அக்கா. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க்காரர், பேச்சில் இந்த ஊர் 'லா' ஒட்டிக்கொண்டு வரும். பட்டைக் கம்பெனியில் எங்களை மேய்ப்பது அவர் வேலை. ஒவ்வொரு சீட்டாக வந்து பட்டையை மாட்டினார்.

என் பக்கத்தில் அடைக்கலம். என் அறைத்தோழன், தேவகோட்டைப் பக்கம். எனக்கு நாலு ஊர் தள்ளித்தான் அவன் ஊர். ஆனால் இங்கே வந்துதான் பழக்கம்.

"அக்கா, இது என்னக்கா பண்ணும்? கடிக்குமா?" என்றான் அடைக்கலம்.

"கடிக்காது தம்பி. நீங்க பாக்குறதும் கேக்குறதும் கேமரா வழியா போயிடும். ஒங்க ஒடம்புக்குள்ள ஓடுறத இது அனுப்பும். சிரிப்பு, அழுகை, பயம், புல்லரிக்கிறது. அங்க வீட்டுல ஒருத்தரு இதே மாதிரி பட்டை போட்டு உக்காந்திருப்பாரு. நீங்க சிரிச்சா அவருக்குச் சிரிப்பு வரும்."

"எனக்குக் கொட்டாவி வந்தா?"

"அவருக்கும் வரும். அதான் சொல்றேன், தூங்கிடாதீங்க, லா."

"ஒண்ணுக்கு வந்தா?"

பஸ்ஸே சிரித்தது. பரிமளா அக்காவும் சிரித்துவிட்டார். அடைக்கலம் அப்படிப்பட்டவன். ஊரடங்கில் ஒரு அறைக்குள் பன்னிரண்டு பேர் கட்டிலுக்கு மேல் கட்டிலாகக் கிடந்தபோது, எங்களில் யாருக்கும் பைத்தியம் பிடிக்காமல் பார்த்துக்கொண்டது அவன் வாய்தான். சூப்பர்வைசர் மாதிரி நடப்பான். சாப்பாடு கொண்டுவருகிற ஆள் வாசலிலேயே வைத்துவிட்டு ஓடுவதை நடித்துக் காட்டுவான். அவனும் சிரிப்பான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பான். அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் நாங்கள் சிரிப்போம். அவன் செய்து காட்டுவதுகூட இரண்டாம்பட்சம்.

பட்டையில் ஒரு சின்ன விளக்கு உண்டு. உள்ளே ஓடுவது வெளியே போகும்போது பச்சையாக எரியும்.

அன்றைக்கு நாடகம் இங்கிலீஷில். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு தடித்த ஆள் ஓட்டல் சர்வராக வந்தார். தட்டுகளை அடுக்கித் தூக்கிக்கொண்டு தடுக்கிவிழப்போய் விழாமல் சமாளித்தார். அதற்கு மொழி வேண்டாம். அடைக்கலத்துக்கு நாற்காலியில் இருப்புக்கொள்ளவில்லை. அவன் கழுத்தில் பச்சை அணையவே இல்லை. கடைசியில் எழுந்தான். நான் கையைப் பிடிப்பதற்குள் மேடையில் ஏறிவிட்டான். அரைஞாண் கயிற்றில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றி, பத்து வெள்ளி நோட்டை அந்தச் சர்வரின் சட்டையில் குத்தினான்.

எங்கள் பக்கம் திருவிழா நாடகத்தில் அதுதான் வழக்கம். நன்றாக நடித்தவருக்கு மேடை ஏறி நோட்டுக் குத்திவிட்டு வருவோம். எந்த ஊர், யார் அன்பளிப்பு என்று மைக்கில் சொல்வார்கள். இங்கே மைக்கில் சொல்ல யாரும் இல்லை. அதனால் அவனே இரண்டு கையையும் தூக்கிக் கத்தினான்: "தேவகோட்டைப் பக்கம் அடைக்கலம் அன்பளிப்பு!"

ஊசியைப் பார்த்த நடிகர் அலறிவிட்டார். காவலர்கள் ஓடி வந்து அவனை இழுத்துக்கொண்டு போனார்கள். பஸ்ஸில் பரிமளா அக்கா திட்டித் தீர்த்தார். "நாடகமா, கோயில் திருவிழாவா? ஆளு மேல ஊசி குத்துவீங்களா?"

"நல்லா நடிச்சாருக்கா. சும்மா விட்டுட்டு வரச் சொல்றீங்களா?"

இனி அவனைக் கூப்பிட மாட்டார்கள் என்று நினைத்தோம். மறுவாரம் முதல் பெயரே அவன் பெயர். வீட்டில் உட்கார்ந்து அவனை வாங்கிய ஆள் அப்படி ஒரு சந்தோஷத்தைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லையாம். அதே ஆள்தான் வேண்டும் என்று கேட்டிருந்தார். அவரோடு சேர்ந்து இன்னும் பலர்.

என்னையும் ஒருவர் வாங்கினார். இரண்டு முறை புகார் கொடுத்தார். எனக்கு அவ்வளவு லேசில் சிரிப்பு வராது. பிறவியிலேயே அப்படி. என்னைப் பின்வரிசைக்கு மாற்றினார்கள், விலையைக் குறைத்திருப்பார்கள் போல. அதனால்தான் இன்றைக்கு இதைச் சொல்கிற அளவுக்கு என்னிடம் மிச்சம் இருக்கிறது.

அடைக்கலத்திடம் என்ன ஆனது என்று முதலில் கண்டுபிடித்தது நான் இல்லை. அவன் மகள் பிரின்சி. ஒன்றாம் வகுப்பு. அவள் பிறந்து ஒரு முறைதான் அவன் ஊருக்குப் போயிருக்கிறான். அவளுக்கு அப்பா என்றால் போன்தான். தினமும் சாயங்காலம் கூப்பிடுவான். எருமை தும்முகிற மாதிரி ஒரு தும்மல் போடுவான். அவள் கீச்சென்று கத்துவாள். அந்தச் சத்தம் கேட்டு இவன் சிரிப்பான். அவன் சிரிப்பதைப் பார்த்து அவள் தரையில் உருளுவாள். அவ்வளவுதான் அவர்களுடைய பேச்சு. வேறு ஒன்றும் பேசிப் பார்த்ததில்லை.

அன்றைக்குத் தும்மல் போட்டான். நன்றாகத்தான் போட்டான். அவள் கத்தினாள். இவன் திரையைப் பார்த்தபடி இருந்தான். சுவரைப் பார்க்கிற மாதிரி. மறுபடி தும்மினான். அவள் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

"அம்மா, இது அப்பா இல்ல. அப்பா மாதிரி ஒரு ஆளு" என்று போனை வைத்துவிட்டு ஓடிவிட்டாள்.

அவன் மனைவி சகாயராணி வந்தாள். "என்னங்க, ஒடம்பு சரியில்லையா? யார்கிட்டயும் சண்டையா?"

"ஒண்ணுமில்ல."

"எதையாச்சும் மறைக்கிறீங்களா?"

"ஒண்ணுமில்லன்னு சொல்றேன்ல!"

அந்த ஒரு வார்த்தையில்தான் உயிர் இருந்தது. கத்தியபோது மட்டும் அவன் பழைய அடைக்கலமாகத் தெரிந்தான்.

போனை வைத்தவன் என்னைப் பார்த்தான். "மாப்ள, எனக்குச் சிரிப்பு வரமாட்டேங்குதுடா. ஜோக்கு அடிச்சுப் பாக்குறேன், வரமாட்டேங்குது. மகளப் பாத்தாக்கூட உள்ள ஒண்ணும் அசைய மாட்டேங்குது. அடுத்த மாசக் கடைசியில ஊருக்குப் போறேன். இந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவ முன்னாடி போயி எப்படிடா நிப்பேன்?"

அந்த ஞாயிறு அரங்கத்து வாசலிலேயே பரிமளா அக்காவைப் பிடித்தேன்.

"அக்கா, உண்மையச் சொல்லுங்க. இந்தப் பட்டை எங்ககிட்ட இருந்து எடுக்குதா, இல்ல நகல் எடுத்து அனுப்புதா?"

அவர் சுற்றும் பார்த்தார். "நகல்னா பழசு மாதிரி இருக்காம் தம்பி. வாங்குறவங்க கண்டுபுடிச்சுடுறாங்க. அதனால அசலையே எடுக்கும். ஒங்களுக்குத் திரும்ப ஊறிடும். கெணத்துல தண்ணி ஊறுற மாதிரி. கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுத்தா போதும்னுதான் எங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்க."

"ரெஸ்ட் எடுத்தா பாஸ் கிடையாதே?"

அவர் கையிலிருந்த பெயர்ப் பட்டியலைப் புரட்டினார்.

"கையெழுத்து வாங்கறப்ப இதச் சொன்னீங்களா?"

"இங்கிலீஷ்ல இருந்துச்சு தம்பி."

எனக்கு வந்த கோபத்தில் என் கழுத்தில் ஏதோ சுட்டது. வாசல் கண்ணாடியில் பார்த்தேன். விளக்கு சிவப்பு.

"அது என்ன?" என்றேன்.

"கோபம் வந்தா சிவப்பு. அது வீட்டுக்குப் போகாது. ஆரம்பத்துல அனுப்பிப் பாத்தாங்க. ஒரு பெரியவரு கண்ணாடி மேசைய ஒடச்சிட்டாரு. இன்னொருத்தரு வேலைக்காரப் பொண்ண அடிச்சிட்டாரு. காசு குடுத்து யாரு கோபத்த வாங்குவா? அதத் தடுத்து வச்சிட்டாங்க. மேடையில நடிக்கிறவங்களுக்கு மட்டும் எல்லாம் போகும். காதுக்குப் பின்னால சின்னதா ஒண்ணு ஒட்டிருப்பாங்க. பாக்குறவங்க மனசு தெரியாம நடிக்க மாட்டோம்னு சண்டை போட்டு வாங்கினாங்க."

நான் யோசித்துப் பார்த்தேன். சிரிப்பை எடுக்கிறார்கள். அழுகையை எடுக்கிறார்கள். பிள்ளையைப் பார்த்தால் வருகிற அந்த இளக்கத்தை எடுக்கிறார்கள். கோபத்தை மட்டும் எங்களிடமே விட்டுவிடுகிறார்கள். இப்படியே வாராவாரம் போனால் கடைசியில் எங்களிடம் என்ன இருக்கும்?

"அடைக்கலத்துக்கு ரெஸ்ட் குடுங்கக்கா. ஊருக்குப் போறவரைக்கும்."

"அவரு இல்லாம முடியாது லா. பெரிய நாடகம் ஒண்ணு வருது. ஒங்களப் பத்திதான். விடுதியில லாக்டவுன்ல இருந்தீங்கல்ல, அந்தக் கதை. அடைக்கலத்தோட அப்பா கதைதான் அதுல முக்கியம். நெசமாவே அது நடந்த ஆளோட ஒடம்பு வேணும்னு ஒருத்தரு முன்கூட்டியே சொல்லி வச்சிருக்காரு." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "இந்த ஒரு தடவ உக்காரச் சொல்லுங்க. அந்த இடத்துல அவரு அழணும். அழுதுட்டாருன்னா, ஊருக்குப் போற வரைக்கும் ரெஸ்ட் எழுதித் தரேன். பாஸும் தரேன். என்னால முடிஞ்சது அவ்வளவுதான்."

அந்தக் கதை எனக்குத் தெரியும். நான் பக்கத்துக் கட்டிலில் இருந்தேன். ஊரடங்கின் நடுவில் ஒரு நாள் காலை அடைக்கலத்தின் அப்பா போய்விட்டார் என்று போன் வந்தது. விமானம் இல்லை. அதை அவன் கேட்கவும் இல்லை. கீழே முற்றத்துக்கு இறங்கி நின்று வாய்விட்டுக் கத்தவேண்டும், அரை மணி நேரம் போதும் என்றுதான் கேட்டான். மாடிப்படியின் இரும்புக் கேட்டைத் திறக்க மாட்டோம் என்றார்கள். அவன் அந்தக் கேட்டை உதைத்தான். மதியம்வரை உதைத்தான். பெருவிரல் நகம் பெயர்ந்து விழுந்தது. இப்போது அந்த விரலில் நகம் கோணலாகத்தான் முளைத்திருக்கிறது.

பிறகு ஒரு நாடக நடிகர் வீடியோவில் வந்து எங்களிடம் பேசினார். தினகர் என்று பெயர். இந்த ஊர்த் தமிழர், நல்லபடியாகப் பேசினார். உங்கள் கதையை உலகத்துக்குச் சொல்வோம் அண்ணே என்றார். அடைக்கலம் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னான். நகத்தைக்கூடக் காட்டினான்.

பரிமளா அக்கா சொன்னதை அவனிடம் சொன்னேன். கட்டிலில் உட்கார்ந்து காலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"போகாதடா" என்றேன். "செத்த அப்பாவ வச்சு ஒருத்தன் சோபால ஒக்காந்து அழுவான். அதுக்கு நீ போணுமா?"

"அழுதா பாஸ் குடுக்கறாங்கள்ல?"

"ஒனக்கு அழுகை வருதா இப்ப?"

"வரல." நிமிர்ந்தான். "வர வைக்கணும் மாப்ள. கெணத்து அடியில ஒரு வாளி கெடக்காதா? அத எங்கப்பனுக்கு எறச்சுக் குடுத்துட்டு, ஊறுறத எம்மவளுக்கு வச்சுக்கிறேன்."

பெரிய நாடகம் வந்த ஞாயிறு அரங்கம் முழுக்க நாங்கள்தான். எங்கள் விடுதி, பக்கத்து விடுதி, இன்னும் எங்கெங்கோ இருந்து வந்த வெள்ளைச் சட்டைகள். எங்களைப் பற்றிய நாடகத்துக்கு எங்களையே கொண்டுவந்து உட்காரவைத்திருந்தார்கள். பரிமளா அக்காவிடம் கெஞ்சி நான் அடைக்கலத்தின் பக்கத்து நாற்காலியை வாங்கியிருந்தேன்.

திரை திறந்தது. மேடையில் எங்கள் அறை. கட்டில்கள், கொடியில் தொங்கும் லுங்கி, மூலையில் அரிசி மூட்டை, எல்லாம் அப்படியே. ஒன்று மட்டும் வேறு. அறை சுத்தமாக இருந்தது. தினகர் லுங்கியும் காலர் வைத்த சட்டையுமாக வந்தார். தமிழும் இங்கிலீஷும் கலந்து பேசினார். அவர் பெயர் நாடகத்தில் மாரி. மாரி எல்லாருக்கும் டீ போட்டுக் கொடுத்தான். ஜன்னல் வழியாகத் தெரிகிற கட்டடங்களைக் காட்டி, இதெல்லாம் நாம கட்டினது என்று பெருமைப்பட்டான். பின்வரிசையில் யாரோ காறினார்கள். துப்பவில்லை.

போன் வந்தது. மாரி கேட்டான். போன் கையிலிருந்து விழுந்தது. அடைக்கலம் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டான். கண்ணை இறுக்கி மூடினான். உதட்டைக் கடித்தான். அவன் கழுத்தை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். விளக்கு எரியவில்லை.

"வாடா" என்று அவன் முணுமுணுத்தான். தனக்குள் இருக்கிற எதையோ கூப்பிட்டான். "வந்து தொலைடா."

மேடையில் மாரி ஜன்னலுக்குப் போனான். நிலா வந்தது. புல்லாங்குழல் வாசித்தார்கள். மாரி நிலாவைப் பார்த்து அப்பாவுடன் பேசினான். அழகாக அழுதான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, இந்த ஊர் நம்மைப் பத்திரமாக வைத்திருக்கிறது அப்பா, நான் நன்றாக இருக்கிறேன் என்றான். மாடிப்படிக் கேட்டு அங்கேதான் இருந்தது, மேடையின் ஓரத்தில், பெயின்ட் அடித்து. அதன் பக்கம் மாரி போகவே இல்லை.

அடைக்கலம் கண்ணைத் திறந்தான்.

"டேய்" என்றான் மெதுவாக. "நான் ஒதச்சனேடா."

அவன் விளக்கு சிவந்தது. என்னுடையதும். முன்வரிசையில் ஒன்று. அதற்குப் பக்கத்தில் ஒன்று. திரும்பிப் பார்த்தேன். இருட்டில் வரிசை வரிசையாகச் சிவப்பு ஏறியது. இதுவரை எந்த நாடகமும் எங்களைப் பற்றியதாக இல்லை. எதன்மேல் கோபப்பட? இத்தனை மாதமாக யாரும் வாங்காமல் மிஞ்சியதெல்லாம் அந்த அரங்கத்துக்குள் அப்படியே இருந்தது. அது போகிற வழி ஒன்றே ஒன்றுதான், மேடைக்கு.

தினகர் அடுத்த வசனத்துக்கு வாயைத் திறந்தார். "இந்த ஊருக்கு" என்றார். நின்றார். காதுக்குப் பின்னால் கையை வைத்தார். "இந்த ஊருக்கு நான்..." முகம் வெளிறியது. புல்லாங்குழல் அதுபாட்டுக்கு வாசித்தது. 'நன்றி' அவர் வாயிலிருந்து வரவில்லை. இருட்டுக்குள் எங்களைப் பார்த்தார். யாரையோ தேடுகிற மாதிரி பார்த்தார்.

"இல்ல" என்றார். அது நாடகக் குரல் இல்லை. "அப்படி நடக்கல. அவரு எங்கிட்ட அப்படிச் சொல்லல."

ஓடிப்போய்க் கேட்டை உதைத்தார்.

அந்தக் கேட்டு வெறும் அட்டை. கால் மறுபக்கம் போய்விட்டது. முழங்கால்வரை மாட்டிக்கொண்டது. இழுத்தார், வரவில்லை. ஒற்றைக் காலில் கொக்கு மாதிரி நொண்டினார். லுங்கி அவிழ்ந்தது. ஒரு கையால் லுங்கியைப் பிடித்தார், ஒரு கையால் கேட்டைப் பிடித்தார், கேட்டு அவரோடு சேர்ந்து ஆடியது.

பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. இருமல் என்று நினைத்தேன். அடைக்கலம். தோள் குலுங்கியது. வயிற்றைப் பிடித்தான். சிரித்தான்!

அவன் கழுத்தில் பச்சை எரிந்தது.

கிணற்றின் அடியில் கிடந்த அந்த ஒரு வாளி எப்படியோ மேலே வந்துவிட்டது. அதையும் பட்டை உறிஞ்சிக்கொண்டிருந்தது. ஏதோ ஒரு வீட்டில் எவனோ ஒருவன் பிரின்சிக்குச் சேரவேண்டிய சிரிப்பைச் சிரித்துக்கொண்டிருந்தான். நான் யோசிக்கவில்லை. அவன் இடுப்பில் கையை விட்டு அரைஞாணிலிருந்து ஊக்கைப் பிடுங்கினேன். பட்டையின் பூட்டுக்குள் குத்தித் திருகினேன். கம்பி கட்டுகிற கை. பூட்டு உடைந்தது. பட்டை கையோடு வந்தது.

அடைக்கலம் சிரிப்பதை நிறுத்தவில்லை. பட்டை இல்லாத கழுத்தைத் தடவிப் பார்த்தான், இன்னும் சிரித்தான். என் கையிலிருந்து பட்டையையும் ஊக்கையும் வாங்கிக்கொண்டு எழுந்தான். அன்றைக்குப் போலவே நேராக மேடைக்குப் போனான்.

முதலில் அட்டையைக் கிழித்துத் தினகர் காலை விடுவித்தான். லுங்கியைச் சரியாகக் கட்டிவிட்டான். பிறகு பூட்டுடைந்த பட்டையை அவர் கழுத்தைச் சுற்றிப் போட்டு, இரண்டு முனையையும் காலரோடு சேர்த்து ஊக்கால் குத்தினான். தினகர் அசையவில்லை. ஊசியைப் பார்த்து அலறவும் இல்லை. அடைக்கலம் இரண்டு கையையும் தூக்கி எங்கள் பக்கம் திரும்பினான்.

"தேவகோட்டைப் பக்கம் அடைக்கலம் அன்பளிப்பு!"

அரங்கம் இடிந்தது. விசில் அடித்தார்கள், நாற்காலியைத் தட்டினார்கள். காவலர்கள் வந்து இவனைப் பிடித்தபோது தினகர் மேடையில் உட்கார்ந்துவிட்டார். கிழிந்த கேட்டுக்குப் பக்கத்தில் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நிலாவைப் பார்த்து அழுத மாதிரி இல்லை. மூக்கு ஒழுக அழுதார். அவர் கழுத்தில் பச்சை எரிந்தது.

எங்களைப் பஸ்ஸில் ஏற்றி உட்காரவைத்தார்கள். தேக்கா கிடையாது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். பாஸ் போச்சு, ரெஸ்ட் போச்சு. வேலையே போனாலும் போகும். அடைக்கலம் ஜன்னலோரம் உட்கார்ந்து அவ்வப்போது தனக்குத்தானே குலுங்கினான். நான் அவன் வாயைப் பொத்தாத குறைதான். "வீணாக்காதடா, மிச்சம் வைடா" என்றேன்.

பரிமளா அக்கா ஏறினார். கையில் டேப்லெட். நேராக எங்களிடம் வந்தார். திட்டுவார் என்று காத்திருந்தோம்.

"வீட்டுல இருந்து எழுதிருக்காரு. அடைக்கலத்த வாங்குனவரு" என்றார். "வாசிக்கிறேன் கேளுங்க. நடுவுல என்னமோ சிரிப்பு வந்துச்சாம், மெஷின் கோளாறுன்னு நெனச்சாராம். அப்புறம் வந்துச்சாம் பாரு ஒரு அழுகை. 'அந்தத் துயரத்தை உண்மையாகவே அனுபவித்த ஒரு தொழிலாளியால் மட்டும்தான் இப்படி அழ முடியும்.' அப்படின்னு எழுதிருக்காரு."

அடைக்கலம் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன்.

"அக்கா, அது இவன்..." என்று ஆரம்பித்தேன்.

"எந்தக் கழுத்துல எரிஞ்சுச்சுன்னு நான் பாக்கல தம்பி." அவர் குரல் கறாராக இருந்தது. "கம்ப்யூட்டர்ல அடைக்கலம்னு போட்டு பச்சைன்னு இருக்கு. அழுதாருன்னு இருக்கு. அழுதா ரெஸ்ட் தரேன்னு சொன்னேன். அவ்வளவுதான்." பாஸை அவன் மடியில் போட்டுவிட்டு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

பாதித் தூரம் வந்தபின் அடைக்கலம் சொன்னான்: "அடப்பாவி. அவனுக்கு வித்தியாசமே தெரியலடா."

அதைச் சொல்லும்போது அவன் சிரிக்கவில்லை.

ரெஸ்டில் இருந்த நாட்களில் அவன் மகளைக் கூப்பிட்டான். தும்மவில்லை, பயந்தான். அட்டைக் கேட்டில் கால் மாட்டிக்கொண்ட மாமாவின் கதையைச் சொன்னான். ஒற்றைக் காலில் நொண்டியும் காட்டினான். பிரின்சி முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். லுங்கி அவிழ்ந்த இடம் வந்தபோது இவனுக்கு லேசாக ஒரு குலுக்கல் வந்தது. பழையதில் பாதிகூட இல்லை. அவள் உடனே கண்டுபிடித்துவிட்டாள்.

"அம்மா, அப்பா வந்துட்டாரு!" என்று கத்தினாள்.

அவன் ஊருக்குப் போய்விட்டான். திரும்பி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனான். போகும்முன் அந்த ஊக்கைத் தினகரிடம் இருந்து வாங்கித் தரச் சொன்னான். கிடைக்கவில்லை. தினகரை அப்புறம் எந்த நாடகத்திலும் நான் பார்க்கவில்லை.

அந்த நாடகம் இன்னும் நடக்கிறது. வேறு ஒரு ஆள் மாரியாக வருகிறார். கேட்டை இப்போது நிஜ இரும்பில் செய்து வைத்திருக்கிறார்கள், யாரும் உதைக்க முடியாதபடி. மேடைக்குப் போகிற வழியிலும் கோபத்தைத் தடுத்துவிட்டார்கள். புது மாரி நிலாவைப் பார்த்து அழுகிறார், ஊருக்கு நன்றி சொல்கிறார், தடங்கல் இல்லாமல். அடைக்கலத்தின் நாற்காலியில் என்னை உட்காரவைத்திருக்கிறார்கள். பாஸ் வேண்டுமே, நானும் உட்கார்கிறேன். நன்றி சொல்கிற இடத்தில் என் விளக்கு சிவப்பாக எரிகிறது. என் வரிசை முழுக்க எரிகிறது. எங்கும் போகாமல் கழுத்திலேயே நின்று சுடுகிறது. சுடட்டும். அது ஒன்றுதான் என்னுடையது.

போன வாரம் அடைக்கலம் ஒரு குரல் பதிவு அனுப்பினான். எருமைத் தும்மல். பின்னாலேயே இரண்டு சிரிப்பு, ஒன்று பெரியது, ஒன்று சின்னது. எது முதலில் ஆரம்பித்தது என்று சொல்லவே முடியாது.

அதை ஞாயிற்றுக்கிழமை நான் போடுவதில்லை. சனிக்கிழமையும் போடுவதில்லை, மறுநாள் நினைவில் இருந்துவிடும். திங்கட்கிழமை காலை, வேலைக்குப் போகிற லாரியில், கழுத்தில் ஒன்றும் இல்லாதபோதுதான் கேட்கிறேன்.